ஒரே புரதம், மூன்று கன அளவுகள்: உட்குழியை அளக்க எந்த மென்பொருள்?

புரதங்களின் முப்பரிமாண அமைப்பு இன்று எவருக்கும் எட்டாக்கனி அல்ல. 1971இல் வெறும் 7 அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி (பிடிபி) இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்து வைத்திருப்பவையோ 20 கோடிக்கும் மேல். 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி, அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. புரத அமைப்பின் கோப்பைக் கணினியில் இறக்கிக்கொண்டவுடன் மருந்து வடிவமைப்பில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மருந்து மூலக்கூறு போய் உட்காரும் இடம் எது, அது எவ்வளவு பெரிது என்பதுதான்.

அங்கேதான் சிக்கல். ஒரே கோப்பை மூன்று மென்பொருள்களில் கொடுத்தால் மூன்று கன அளவுகள் வருகின்றன. வேறுபாடு ஐந்து, பத்து சதவீதமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பல நேரங்களில் ஒன்று மற்றொன்றைப்போல இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று நிற்கிறது. எது சரி என்று தேடத் தொடங்கும் ஆராய்ச்சி மாணவர் கடைசியில் தமக்குப் பிடித்த எண்ணைக் கொடுத்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். அது அளவீடு அல்ல, சீட்டுக் குலுக்கல்.

பெரும்பாலும் அந்த மூன்று மென்பொருள்களிலும் பிழை இருக்காது. மூன்றும் வெவ்வேறு பொருளை அளந்திருக்கும். ஆகவே மென்பொருளைத் தேர்வதற்கு முன், எதை அளக்கப்போகிறோம் என்பதைத் தேர்ந்தாக வேண்டும். அதற்குச் சில அடிப்படைகள் தேவை.

உட்குழிகளில் மூன்று வகை

புரதம் அமினோ அமிலச் சங்கிலி மடிந்து உருவாகும் பொருள். உள்ளே அணுக்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. புரதத்தின் உட்பகுதியில் சுமார் நான்கில் மூன்று பங்கு இடத்தை அணுக்களே அடைத்துக்கொள்கின்றன என்று ஃபிரெடெரிக் ரிச்சர்ட்ஸ் 1974இல் கணக்கிட்டார். சம அளவுக் கோளங்களை இயன்றவரை நெருக்கி அடுக்கினாலும் 74 சதவீதம்தான் நிரம்பும். அப்படியும் சில இடங்களில் ஒரு நீர் மூலக்கூறோ அதைவிடப் பெரியதோ புகும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளிகள் மூன்று வகை:

1. மூடிய வெற்றிடம். நாலாபுறமும் அணுக்களால் சூழப்பட்டது. வெளியே வழி இல்லை.
2. வாய் திறந்த பள்ளம். ஒரு பக்கம் வெளியே திறந்திருக்கும். நொதிகளின் செயல்மையம் பெரும்பாலும் இப்படித்தான்.
3. சுரங்கவழி. இரு முனையும் திறந்தது, அல்லது உள்ளே ஆழத்தில் உள்ள அறையை வெளியோடு இணைப்பது.

மூன்றாவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. சுரங்கவழியில் முக்கியமானது கன அளவு அல்ல, மிகக் குறுகலான இடத்தின் ஆரம். அதற்கென்றே ஹோல், கேவர், மோல் ஆகிய மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் இரண்டு வகைகளைக் கலந்து பேசுவதில்தான் குழப்பத்தில் பாதி பிறக்கிறது.

அணுவின் விளிம்பு எங்கே?

பிடிபி கோப்பில் ஒவ்வொரு அணுவின் இடத்தையும் மூன்று ஆயத்தொலைவுகள் சொல்கின்றன. அணு எவ்வளவு பருமன் என்று அதில் எழுதியிருக்காது. அந்தத் தகவலை மென்பொருள்தான் தன்னிடமுள்ள ஆரப் பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்க்கிறது.

1964இல் பாண்டி வெளியிட்ட வாண்டர்வால்ஸ் ஆரங்கள் (பிணைப்பில்லாத அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் கொண்டு கணிப்பவை) பரவலாகப் புழங்குபவை: கார்பன் 1.70, நைட்ரஜன் 1.55, ஆக்சிஜன் 1.52, ஹைட்ரஜன் 1.20 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). ஆனால் எக்ஸ்-கதிர் படிக ஆய்வில் ஹைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொண்டு கார்பனைச் சற்றுப் பருமனாக, 1.87 ஆங்ஸ்ட்ராம் வரை, வைத்துக்கொள்ளும் பட்டியல்களும் உண்டு. இரண்டுமே நியாயமானவை. ஹைட்ரஜன்களைச் சேர்த்த கோப்புக்கு இந்தப் பருத்த ஆரங்களைப் பயன்படுத்துவதுதான் தவறு. ஹைட்ரஜன் இருமுறை கணக்கில் ஏறிவிடும், உட்குழி சுருங்கிவிடும்.

அணுவுக்குக் கறாரான விளிம்பு இல்லை என்பது இத்துறையில் பழைய சங்கதி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் 1963இல் தங்கள் புகழ்பெற்ற வரைபடத்தை வெளியிட்டபோதே, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஒன்றுக்கு இரண்டாக எல்லைகளை வைத்தார்கள்: வழக்கமான எல்லை ஒன்று, அதற்கு மேல் போகவே கூடாத கடைசி எல்லை ஒன்று. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, உட்குழியின் கன அளவை இரண்டு தசம இடங்களுக்குத் தருகிற மென்பொருள் வெளியீட்டைப் பார்க்கும்போது அந்த நிதானம் நினைவுக்கு வருகிறது.

சோதனைக் கோளமும் மூன்று விதக் கன அளவும்

அணுக்களுக்கு ஆரம் கொடுத்தாயிற்று. மீதமுள்ள இடமெல்லாம் உட்குழியா? இல்லை. அணுக்களுக்கிடையே எதுவுமே புக முடியாத சந்துகள் ஏராளம். அவற்றையும் சேர்த்தால் புரதம் முழுவதும் ஒரே உட்குழியாகிவிடும். எனவே ஒரு சோதனைக் கோளத்தை உள்ளே உருட்டிப் பார்க்கிறார்கள். நீர் மூலக்கூறுக்கு ஈடாக அதன் ஆரம் வழக்கமாக 1.4 ஆங்ஸ்ட்ராம்.

இந்தக் கோளத்தை வைத்துக்கொண்டு குறைந்தது மூன்று கன அளவுகளை வரையறுக்கலாம்:

1. வாண்டர்வால்ஸ் கன அளவு: அணுக்களின் பரப்புக்கு வெளியே உள்ள இடம் முழுவதும். கோளம் எட்டாத மூலைகளும் இதில் அடங்கும்.
2. கோள மையம் எட்டும் கன அளவு: சோதனைக் கோளத்தின் மையப்புள்ளி எங்கெல்லாம் போக முடியுமோ அந்த இடம் மட்டும். லீயும் ரிச்சர்ட்ஸும் 1971இல் வரையறுத்த பரப்பு இதன் எல்லை.
3. கோளம் நிரப்பும் கன அளவு: கோளத்தின் உடல் தொடும் இடம் முழுவதும். ரிச்சர்ட்ஸ் 1977இல் வரையறுத்து, கானலி 1983இல் கணக்கிட வழி சொன்ன மூலக்கூறுப் பரப்பு இதன் எல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் தாளில் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும். எண்ணிக்கையில் அவை எங்கே போய் நிற்கின்றன என்று பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க, உட்குழி 3.3 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள துல்லியமான கோளம் என்று வைத்துக்கொள்வோம்.

கோளம் நிரப்பும் கன அளவு சுமார் 150 கன ஆங்ஸ்ட்ராம். ஆனால் சோதனைக் கோளத்தின் மையம் சுவரிலிருந்து 1.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளியே நிற்க முடியும். அது உலவும் இடத்தின் ஆரம் வெறும் 1.9. அதன் கன அளவு சுமார் 29 கன ஆங்ஸ்ட்ராம். ஒரே குழி, ஒரே ஆரப் பட்டியல், ஒரே சோதனைக் கோளம், ஆனால் ஐந்து மடங்கு வேறுபாடு. இரண்டுமே சரியான விடைகள்.

காஸ்ட்பி என்ற சர்வர் இந்த இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. பழைய வாய்டூ மென்பொருள் (1994) மூன்றையும் பிரித்துச் சொல்லும். பயனர்தான் எதை எடுத்தோம் என்பதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்.

அதே கோளத்தில் கார்பன் ஆரத்தை 1.70இலிருந்து 1.87க்கு மாற்றுவோம். சுவர் 0.17 ஆங்ஸ்ட்ராம் உள்ளே வருகிறது. 150 என்றிருந்தது 128 ஆகிறது. 29 என்றிருந்தது 22 ஆகிறது. முதலாவதில் 15 சதவீத வீழ்ச்சி, இரண்டாவதில் சுமார் கால்பங்கு. உண்மையான உட்குழிகள் உருண்டையாக இருப்பதில்லை. கோணல்மாணலாக, கன அளவுக்கு மிஞ்சிய பரப்போடு இருக்கும். ஆகவே பாதிப்பு இதைவிடக் கூடுதலாகவே வரும்.

சோதனைக் கோளத்தின் ஆரத்தைக் குறைப்பதில் வேறொரு ஆபத்து. உட்குழிக்கும் வெளிக்கும் இடையே 1.3 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள சந்து இருந்தால், 1.4 ஆரக் கோளத்துக்கு அது மூடிய வெற்றிடம், 1.2 ஆரக் கோளத்துக்கு அது வாய் திறந்த பள்ளம். மூடிய வெற்றிடங்களை மட்டும் பட்டியலிடும் மென்பொருளில் அந்தக் குழி பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். எண் மெல்லக் கூடிக் குறைவதில்லை, திடீரென்று தாவுகிறது. 1.2, 1.3, 1.4, 1.5 என்று நான்கு ஆரங்களில் ஓட்டிப் பார்த்தால் இந்தத் தாவல் கண்ணில் படும். ஒரே ஆரத்தில் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

டி4 லைசோசைம்: எண் தவறினால் என்ன ஆகும்?

டி4 என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதன் லைசோசைம் நொதி 164 அமினோ அமிலங்கள் கொண்டது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மேத்யூஸ் குழுவினர் இந்த ஒரு நொதியைத்தான் பல ஆண்டுகள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். 1992இல் அவர்கள் செய்தது இது: புரதத்தின் நீர்வெறுக்கும் உட்பகுதியில் உள்ள பெரிய அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறிய அலனினை வைத்தார்கள். பெரியது இருந்த இடத்தில் உட்குழி உருவாயிற்று. சுற்றியுள்ள அணுக்கள் கொஞ்சம் சரிந்து வந்தாலும் குழி முழுவதும் மூடவில்லை.

அளந்தபோது, 46ஆவது லியூசினை மாற்றியதில் விழுந்த குழி 24 கன ஆங்ஸ்ட்ராம். 99ஆவது லியூசினை மாற்றியதில் (எல்99ஏ) 150. நிலைத்தன்மையில் ஏற்பட்ட இழப்பு முன்னதில் மோலுக்கு 2.7 கிலோகலோரி, பின்னதில் 5.0. இந்த இழப்பை அவர்கள் இரண்டு கூறுகளாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ 2 கிலோகலோரி எல்லா மாற்றத்துக்கும் பொது. மீதி, குழியின் கன அளவைப் பொறுத்தது: ஒவ்வொரு கன ஆங்ஸ்ட்ராமுக்கும் 24 முதல் 33 கலோரி.

இந்தக் குணகத்தை எடுத்துத் தங்கள் புரதத்தில் பயன்படுத்துபவர்கள் பலர். இப்போது மேலே போட்ட கணக்கைப் பொருத்திப் பாருங்கள்.

1. கார்பன் ஆரத்தை மாற்றியதில் வந்த 22 கன ஆங்ஸ்ட்ராம் வேறுபாடு, 0.5 முதல் 0.7 கிலோகலோரி வரையிலான பிழை.
2. அந்த 150 மூலக்கூறுப் பரப்பை எல்லையாகக் கொண்ட அளவு. கோள மையம் எட்டும் கன அளவான 29ஐ எடுத்து அதே குணகத்தால் பெருக்கினால், 3.6 கிலோகலோரி வர வேண்டிய இடத்தில் 0.7 வரும். சடுதிமாற்றம் புரதத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று கட்டுரையில் எழுதிவிடுவோம்.

எல்99ஏ குழி இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. திரவ நீரில் ஒரு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 கன ஆங்ஸ்ட்ராம் இடம் என்பதால், 150க்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்று வகுத்துவிடத் தோன்றும். உண்மையில் சாதாரண அழுத்தத்தில் அந்தக் குழி வறண்டு கிடக்கிறது. 2005இல் சுமார் 2,000 வளிமண்டல அழுத்தம் கொடுத்தபோதுதான் நான்கு நீர் மூலக்கூறுகள் ஒருமிக்க உள்ளே நுழைந்தன. சுவர்கள் நீரை வெறுப்பவை என்பதுதான் காரணம். கன அளவு இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லும். யார் குடியேறுவார்கள் என்பதை அது சொல்லாது.

பென்சீன் அங்கே விரும்பிக் குடியேறுகிறது. அதன் வாண்டர்வால்ஸ் கன அளவு சுமார் 80 கன ஆங்ஸ்ட்ராம். குழியில் பாதிக்குச் சற்று மேல். செயற்கை மூலக்கூறுக் கூடுகளில் விருந்தாளி மூலக்கூறு சுமார் 55 சதவீத இடத்தை நிரப்பும்போது பிணைப்பு நன்றாக இருக்கிறது என்று மெக்கோசியும் ரெபெக்கும் 1998இல் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. குழி 150 என்றால் மூலக்கூறும் 150 இருக்க வேண்டும் என்று தேடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மென்பொருள்கள் எப்படி எண்ணுகின்றன?

பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் வழிமுறைகள் மூன்றே.

1. கட்டமுறை. புரதத்தின் மேல் முப்பரிமாணக் கட்டங்களைப் போட்டு, காலியாக உள்ள பெட்டிகளை எண்ணுவது. பாக்கெட் (1992), வாய்டூ, லிக்சைட், 3வி, கேவிஃபைண்டர், போவ்மி எல்லாம் இந்த வகை.
2. வடிவியல் முறை. அணு மையங்களை இணைத்து நான்முகிகளாகப் பிரித்து, சூத்திரத்தால் கணக்கிடுவது. 1998இல் வந்த காஸ்ட், அதன் வாரிசான காஸ்ட்பி (2018இல் 3.0 பதிப்பு) இந்த வகை.
3. கோள முறை. இடைவெளிகளைக் கோளங்களால் நிரப்பி, கோளக் கூட்டத்தின் கன அளவை எடுப்பது. 1995இன் சர்ஃப்நெட், 2009இன் எஃப்பாக்கெட் இந்த வகை.

கட்டமுறையின் பலவீனம் கட்டத்தின் அளவில் இருக்கிறது. அதே 150 கன ஆங்ஸ்ட்ராம் கோளத்தின் பரப்பு சுமார் 137 சதுர ஆங்ஸ்ட்ராம். பெட்டியின் பக்கம் 1 ஆங்ஸ்ட்ராம் என்றால், மொத்தம் 150 பெட்டிகள். எல்லையில் விழுபவை 137 அளவில். ஏறக்குறைய எல்லாப் பெட்டியும் எல்லைப் பெட்டிதான். உள்ளே சேர்ப்பதா வெளியே தள்ளுவதா என்பது கட்டம் எங்கே தொடங்கியது என்ற தற்செயலைப் பொறுத்தது. பக்கத்தை 0.5 ஆக்கினால் 1,200 பெட்டிகளில் சுமார் 550 எல்லையில், 0.25 ஆக்கினால் 9,600இல் சுமார் 2,200. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் வேலை எட்டு மடங்காகிறது. இன்றைய கணினிக்கு அது பொருட்டல்ல. இயல்பாக அமைத்திருக்கும் கட்ட அளவிலேயே விட்டுவிடுவதற்கு நேரமின்மையைக் காரணம் காட்ட முடியாது.

இதற்கு எளிய பரிசோதனை ஒன்று உண்டு. புரதத்தைத் தாறுமாறாகச் சுழற்றி, மென்பொருளின் அமைவுகளை மாற்றாமல் பத்து முறை ஓட்டுங்கள். பத்து விடைகளின் சராசரியும் விலக்கமும்தான் உங்கள் எண்ணும் அதன் பிழையும். புரதம் அப்படியேதான் இருக்கிறது. எண் மாறினால் அது முழுக்க முழுக்கக் கட்டத்தின் குற்றம். காஸ்ட்பி போன்ற வடிவியல் முறையில் இந்தத் தொல்லை இல்லை. எப்படிச் சுழற்றினாலும் ஒரே விடை.

கோள முறையில் வேறு வகையான எச்சரிக்கை வேண்டும். எஃப்பாக்கெட் பயன்படுத்தும் ஆல்ஃபா கோளம் என்பது நான்கு அணுக்களைத் தொட்டு, உள்ளே வேறு அணு இல்லாத கோளம். அதன் ஆரம் அணுவின் பரப்பிலிருந்து அல்ல, மையத்திலிருந்து அளக்கப்படுகிறது. எனவே அந்தக் கோளங்களின் கூட்டுக் கன அளவை மூலக்கூறுப் பரப்புக்குட்பட்ட கன அளவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. எஃப்பாக்கெட்டின் உண்மையான வல்லமை வேறு: ஆயிரக்கணக்கான அமைப்புகளில் பள்ளங்களை நொடிகளில் கண்டுபிடித்து, எது மருந்துக்கு உகந்தது என்று வரிசைப்படுத்துவது. கண்டுபிடிப்பதும் அளப்பதும் வேறு வேறு வேலை. முதலாவதற்கு எழுதப்பட்ட கருவியை இரண்டாவதற்குப் பயன்படுத்திவிட்டு அதன் மேல் பழி போடுவது நியாயமில்லை.

வாய் திறந்த பள்ளம் எங்கே முடிகிறது?

மூடிய வெற்றிடத்தைப் பொறுத்தவரை மேலே சொன்னவை போதும். ஆரப் பட்டியல், சோதனைக் கோளம், வரையறை மூன்றையும் ஒன்றாக வைத்தால், நல்ல மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய விடையையே தரும். உண்மையான தகராறு திறந்த பள்ளங்களில்தான்.

திண்ணை வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா என்ற வழக்குதான் இது. வீட்டின் பரப்பை அளக்க வந்தவர் எங்கே கோடு கிழிக்கிறாரோ அதுதான் அளவு. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு இடத்தில் கோடு கிழிக்கிறது.

காஸ்ட்பி, வாய் உள்ளறையைவிடக் குறுகலாக இருந்தால் மட்டுமே அதைப் பள்ளமாக ஏற்கிறது. தட்டுப்போல விரிந்த ஆழமற்ற குழிவு அதன் கணக்கில் வராது. இரு புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் தட்டையான பரப்பை ஆராய்பவருக்கு அது ஏமாற்றமே தரும்.

கேவிஃபைண்டர் இரண்டு சோதனைக் கோளங்களை உருட்டுகிறது. சிறியது 1.4 ஆங்ஸ்ட்ராம், பெரியது வழக்கமாக 4.0. சிறியது போகக்கூடிய, பெரியது போக முடியாத இடம்தான் பள்ளம். 3வியும் இதே கொள்கைதான். பெரிய கோளத்தின் ஆரத்தைக் கூட்டினால் கோடு வெளியே தள்ளிப் போகும். கன அளவும் கூடும். இதில் மறைமுகம் எதுவும் இல்லை, கோட்டை நகர்த்தும் கைப்பிடி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதனாலேயே இந்த முறை எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

போவ்மி இன்னும் வெளிப்படையானது. எந்த இடத்தை அளக்க வேண்டும் என்று பயனரே கோளங்களை வைத்துக் குறிக்க வேண்டும். அகநிலைத் தேர்வு என்று குறை சொல்லலாம். ஆனால் ஒரே கோளங்களைப் பல அமைப்புகளுக்கும் வைத்து ஒப்பிடும்போது அதுவே பலம். கோடு எங்கேயோ இருக்கட்டும், எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

ஆகவே திறந்த பள்ளத்துக்கு ஒற்றை எண்ணைத் தனியாகச் சொல்வதில் பயன் குறைவு. லிகண்ட் (குழியில் வந்து பிணையும் மூலக்கூறு) பிணையும் முன் இவ்வளவு, பிணைந்த பின் இவ்வளவு. இயல்பு வடிவில் இவ்வளவு, சடுதிமாற்றத்தில் இவ்வளவு என்று ஒரே முறையில் அளந்த வேறுபாடுதான் பொருளுள்ள செய்தி.

கோப்பில் ஒளிந்திருக்கும் பிழைகள்

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

1. லிகண்டும் நீரும். அவற்றை நீக்காவிட்டால் குழி நிரம்பியதாகக் கணக்காகும். சில மென்பொருள்கள் தாமாகவே நீக்கும், சில நீக்காது.
2. உயிரியல் அலகு. எச்.ஐ.வி. புரோட்டியேஸ் இரண்டு ஒரே மாதிரிச் சங்கிலிகள் இணைந்து வேலை செய்யும் நொதி. செயல்மையம் இரண்டுக்கும் நடுவில். ஆனால் சில பிடிபி பதிவுகளில் ஒற்றைச் சங்கிலி மட்டுமே இருக்கும், மற்றதைச் சமச்சீர் விதிப்படி உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒற்றைச் சங்கிலியோடு ஓட்டினால் செயல்மையமே இருக்காது.
3. விடுபட்ட பக்கச் சங்கிலிகள். படிக ஆய்வில் எலக்ட்ரான் அடர்த்தி தெளிவாகத் தெரியாத இடத்தில் அணுக்களை விட்டிருப்பார்கள். மென்பொருளுக்கு அது காலி இடம்.
4. மாற்று நிலைகள். ஒரே பக்கச் சங்கிலி இரண்டு நிலைகளில் பதிவாகியிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.
5. கணித்த அமைப்புகள். ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் உள்ளவற்றில் லிகண்டோ துணைக்காரணியோ கிடையாது. மையோகுளோபினை (தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதம்) எடுத்தால் ஹீம் (ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புள்ள கூறு) இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். மென்பொருள் அதையே ஆகப்பெரிய பள்ளம் என்று முதலிடத்தில் காட்டும். நம்பகத்தன்மை குறைந்த வளையங்கள் வெளியே நூலாக அலைந்து, இல்லாத குழிகளை உண்டாக்கவும் செய்யும். ஆல்ஃபாஃபோல்டு நூற்றுக்குத் தரும் நம்பக மதிப்பெண் 50க்குக் கீழே உள்ள பகுதிகளை வெட்டிவிட்டு அளப்பது நல்லது.

கேள்வியைப் பொறுத்துத் தேர்வு

1. மூடிய வெற்றிடத்தின் துல்லியமான கன அளவு தேவை என்றால் காஸ்ட்பி. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு, கட்டத்தை 0.25 ஆக்கிய பைகேவிஃபைண்டர் (கேவிஃபைண்டரின் பைத்தான் வடிவம்).
2. பள்ளம் எங்கே என்றே தெரியாது, நூற்றுக்கணக்கான அமைப்புகளைச் சலிக்க வேண்டும் என்றால் எஃப்பாக்கெட். அதன் கன அளவை வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள்.
3. தெரிந்த ஒரு பள்ளத்தைப் பல அமைப்புகளில் ஒப்பிட வேண்டும் என்றால் போவ்மி அல்லது கேவிஃபைண்டர்.
4. மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தலில் குழி எப்படி விரிந்து சுருங்குகிறது என்று பார்க்க எம்டிபாக்கெட், போவ்மி, டிஆர்ஜே கேவிட்டி. முதலில் உருவகப்படுத்தலின் எல்லாச் சட்டகங்களையும் (ஒவ்வொரு கணத்தின் அமைப்பையும்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் புரதம் நகர்ந்ததையும் குழி மாறியதையும் பிரித்தறிய முடியாது.

நான்காவது வகையைத் தேவையற்ற ஆடம்பரமாக நினைப்பவர்களுக்கு மையோகுளோபினே பதில். செனான் வாயு அதன் உள்ளே புகுவதை 1965இலேயே ஷோன்பார்ன், வாட்சன், கெண்ட்ரூ ஆகியோர் படிக அமைப்பில் காட்டினார்கள். 1984இல் அத்தகைய நான்கு இடங்கள் இனங்காணப்பட்டன. அசையாத அமைப்பில் பார்த்தால் அந்தக் குழிகளுக்கு வெளியிலிருந்து வழியே இல்லை. புரதம் அசைவதால்தான் செனானும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. டி4 லைசோசைமின் எல்99ஏ குழியும் அப்படித்தான். பென்சீனோடு இணைந்த கார்பன் சங்கிலியை ஒவ்வொரு கார்பனாக நீட்டிக்கொண்டே போனபோது, குழி ரப்பராக விரியாமல், மூடிய நிலை, இடைநிலை, திறந்த நிலை என்று படிப்படியாகத் தாவியதை 2015இல் வெளியான படிக ஆய்வு காட்டியது. எந்த நிலையின் கோப்பை எடுத்தோமோ அந்த நிலையின் கன அளவுதான் கிடைக்கும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், உங்கள் புரதத்துக்குப் போவதற்கு முன் பிடிபியில் 181எல் என்ற பதிவை இறக்கி, பென்சீனை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். எல்99ஏ அமைப்பு அது. மூலக்கூறுப் பரப்பு வரையறையில் 150ஐ ஒட்டி வந்தால் மென்பொருளின் அமைவுகள் சரி. 30ஐ ஒட்டி வந்தால் கோள மையக் கன அளவை எடுத்திருக்கிறீர்கள். எதுவுமே வராவிட்டால் பெரும்பாலும் சோதனைக் கோளமோ குறைந்தபட்சக் கன அளவு வரம்போ தவறாக இருக்கும்.

கட்டுரையில் எழுத வேண்டியவை

ஆய்வேட்டில் "கன அளவு இந்த மென்பொருளால் கணக்கிடப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. மென்பொருளின் பதிப்பு எண், ஆரப் பட்டியல், ஹைட்ரஜன் இருந்ததா இல்லையா, சோதனைக் கோளத்தின் ஆரம் (இரண்டு என்றால் இரண்டும்), கட்டத்தின் அளவு, மூன்று வரையறைகளில் எது, நீக்கிய மூலக்கூறுகள், சுழற்சிப் பரிசோதனையில் கிடைத்த விலக்கம் ஆகியவை வேண்டும். அலகையும் மறக்கக் கூடாது. 1 கன நானோமீட்டர் என்பது 1,000 கன ஆங்ஸ்ட்ராம், உருவகப்படுத்தல் மென்பொருள்கள் சில முன்னதில் விடை தருகின்றன. சர்வரில் ஓட்டியிருந்தால் வெளியீட்டுக் கோப்புகளை அன்றே இறக்கி, அளந்த பிடிபி கோப்போடு சேர்த்துத் துணை ஆவணமாக இணைத்துவிடுங்கள். அடுத்த பதிப்பு வந்தபின் பழைய அமைவுகளோடு மீண்டும் ஓட்ட அங்கே வழி இல்லாமல் போகலாம்.